கடைசியில் நிற்கும் காவலன்



அஸர் தொழுகைக்கும் மஃரிப் பாங்குக்கும் இடைப்பட்ட பொழுது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கே உரிய பொழுது. பள்ளிவாசலுக்குப் பின்புறத்திலுள்ள திடலிலோ, அறுவடை முடிந்த வயலிலோ, இரண்டு செங்கற்களை அல்லது இரண்டு ஜோடிச் செருப்புகளை அடையாளமாக வைத்துவிட்டால் போதும். கால்பந்து மைதானம் உருவாகிவிடும். அங்கே அணி பிரிக்கும் முறையை என்றைக்காவது கவனித்திருக்கின்றீர்களா? வேகமாக ஓடுபவனை முதலில் அழைத்துக் கொள்வார்கள். பந்தை நன்றாக உதைப்பவனை அடுத்து அழைப்பார்கள். எல்லோரும் பங்கிடப்பட்ட பின்னர், எவருக்கும் வேண்டாதவனாக ஒருவன் எஞ்சி நிற்பான். ஒன்று அவன் வயதில் இளையவனாக இருப்பான். அல்லது உடல் பருத்தவனாக இருப்பான். அல்லது ஓடினால் இளைப்பவனாக இருப்பான். "நீ கோலில் நில்" என்று அவனை அனுப்பி வைப்பார்கள்.

கோல்கீப்பர் என்னும் பொறுப்பு நம் பிள்ளைகளின் கணக்கில் ஒரு பதவியன்று, ஒரு தண்டனை. ஆனால் ஆட்டம் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் பந்து அவனைத் தாண்டிச் சென்றுவிட்டால், வேண்டாதவனாக அனுப்பப்பட்ட அதே பிள்ளை அணியின் முழுத் தோல்விக்கும் பொறுப்பாளியாகி விடுகின்றான். திறமையற்றவன் என்று கருதியே அந்த இடத்தைக் கொடுத்தார்கள். பின்னர் திறமையைக் காட்டவில்லை என்று அவன்மீதே சினம் கொள்கின்றார்கள். இந்த முரண்பாடு சிறுவர்களின் விளையாட்டோடு முடிந்துவிடுவதாக இருந்தால் இந்தப் பக்கத்தில் அதைப் பற்றி எழுத வேண்டிய தேவை இராது. பெரியவர்களின் உலகத்திலும், நம் வீடுகளுக்குள்ளும் அது நடந்துகொண்டே இருப்பதால்தான் இம்மாதம் இந்தக் கடைசிக் காவலனைப் பற்றிச் சிந்திக்க விழைகின்றேன்.

முதலில் அந்தப் பதவியின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். கால்பந்துக்கு இங்கிலாந்தில் விதிகள் வகுக்கப்பட்ட தொடக்கத்தில் கோல்கீப்பர் என்று தனியாக ஒருவர் குறிப்பிடப்படவில்லை. 1871ஆம் ஆண்டு விதிகளில்தான், தம் கோலைக் காப்பதற்காகக் கையைப் பயன்படுத்தும் உரிமை பெற்ற ஒருவர் என்று அவர் இடம்பெற்றார். அக்காலத்தில் அவர் தம் பாதி மைதானத்தின் எல்லை வரை பந்தைக் கையால் தொடலாம். வேல்ஸ் நாட்டின் லீ ரிச்மண்ட் ரூஸ் என்பவர் இந்த உரிமையைப் பயன்படுத்திப் பந்தைத் தரையில் தட்டித் தட்டி நடுக்கோடு வரை கொண்டு சென்றுவிடுவார். 1912இல் விதி மாற்றப்பட்டு, 16.5 மீட்டர் ஆழமுள்ள பெனால்டி எல்லைக்குள் மட்டுமே கையைப் பயன்படுத்தலாம் என்று வரையறை செய்யப்பட்டது.

பின்னரும் அவருடைய சலுகைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தே வந்துள்ளன. தம் அணியினர் காலால் திருப்பி அனுப்பும் பந்தை அவர் கையால் எடுக்கக் கூடாது என்று 1992இல் விதி செய்தார்கள். அதுவரை கைகளையே நம்பியிருந்த கோல்கீப்பர்கள், அதன்பின் கால்களாலும் நன்கு ஆடக் கற்க வேண்டியதாயிற்று. பந்தை எட்டு வினாடிகளுக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் உதை வழங்கப்படும் என்ற விதி 2025இல் நடைமுறைக்கு வந்தது. பொறுப்பு குறையவில்லை, வசதிகள் மட்டும் குறைந்தன. குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர்களுக்கு இந்த நிலை நன்றாகவே விளங்கும்.

இன்னொரு செய்தியும் சுவையானது. கோல்கீப்பர்களை நடுங்க வைக்கும் பெனால்டி உதையை உலகுக்கு வழங்கியவரே ஒரு கோல்கீப்பர்தான். அயர்லாந்தின் மில்ஃபோர்டு என்னும் சிற்றூரைச் சேர்ந்த வில்லியம் மெக்ரம் என்பவர், கோலின் அருகே வேண்டுமென்றே எதிரியைக் காலால் இடறிவிடும் கொடுமையைத் தடுக்க, இத்தகைய தண்டனை வேண்டும் என்று 1890இல் முன்மொழிந்தார். மறு ஆண்டு அது விதியாயிற்று. தமக்கே பாதகமாக முடியும் என்று தெரிந்திருந்தும் ஆட்டத்தின் நேர்மைக்காக ஒரு விதியைக் கேட்ட அந்த மனிதரை நினைக்கும்போது வியப்பு மேலிடுகின்றது.

இனி, அந்த வேலை எத்தகையது என்று பாருங்கள். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். ஏறத்தாழ 18 சதுர மீட்டர் பரப்பு. நம் வீடுகளில் ஒரு கூடத்தின் சுவரை விடவும் பெரிதான ஒரு திறந்தவெளியை ஒற்றை மனிதன் தன் உடலால் அடைக்க வேண்டும். கையை எவ்வளவு விரித்தாலும் இரண்டு மீட்டருக்குச் சற்று முன்பின்தான் அவனால் மறைக்க இயலும். எஞ்சியதை எதனைக் கொண்டு அடைப்பது? அறிவைக் கொண்டுதான் அடைக்க வேண்டும்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். எதிரணி வீரன் கோலுக்கு நேர் எதிரே 16 மீட்டர் தூரத்தில் பந்துடன் நிற்பதாக வைத்துக் கொள்வோம். கோல்கீப்பர் கோட்டின் மேலேயே நின்றால் 7.32 மீட்டர் அகலத்தையும் காக்க வேண்டும். நான்கு மீட்டர் முன்னே வந்து நின்றால், அவர் நிற்கும் இடத்தில் அடைக்க வேண்டிய அகலம் 5.49 மீட்டராகக் குறைந்துவிடும். எட்டு மீட்டர் முன்னே வந்தால் பாதியாகி, 3.66 மீட்டர் மட்டுமே இருக்கும். விளக்கின் அருகே கையைக் கொண்டு சென்றால் சுவரில் நிழல் பெரிதாவதைப் போன்றது இது. ஆனால் அளவுக்கு மீறி முன்னே வந்துவிட்டால் பந்து தலைக்கு மேலே பறந்து கோலுக்குள் இறங்கிவிடும். எப்போது முன்னேறுவது, எப்போது நின்றுவிடுவது என்பதை அரை வினாடிக்குள் முடிவு செய்ய வேண்டும். "சும்மா நிற்கும் வேலை" என்று நாம் நினைப்பது எவ்வளவு பெரிய தவறு!

மேலும், மைதானம் முழுவதையும் தன் கண்ணெதிரே வைத்திருப்பவர் அவர் ஒருவரே. மற்றப் பத்துப் பேருக்கும் முதுகுப்புறத்தில் என்ன நடக்கின்றது என்று தெரியாது. ஆகவே குரல் கொடுப்பது அவருடைய கடமை. "இடப்பக்கம் ஆள் வருகின்றான்" என்றும், "விட்டுவிடு, நான் பிடிக்கின்றேன்" என்றும் அவர் இடைவிடாமல் சொல்லிக் கொண்டிருக்க வேண்டும். எதிரணிக்கு ஃப்ரீ கிக் கிடைக்கும்போது தடுப்புச் சுவராக எத்தனை பேர் நிற்பது, எந்தக் கம்பத்தை ஒட்டி நிற்பது என்று நிறுத்தி வைப்பவரும் அவரே. நல்ல கோல்கீப்பர் பாய்ந்து தடுக்கும் பந்துகளைவிட, முன்கூட்டியே எச்சரித்து வராமலேயே செய்துவிடும் பந்துகள் அதிகம். ஆனால் வராமற்போன பந்துக்கு யார் கைதட்டுவார்கள்?

இப்போது பெனால்டி உதையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பந்து வைக்கப்படும் இடம் கோலிலிருந்து 11 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உதைக்கப்படும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ 0.4 வினாடி போதும். பந்தைப் பார்த்த பிறகு ஓரத்துக்குப் பாய நினைப்பவர் பெரும்பாலும் தாமதித்தவர் ஆகிவிடுவார். ஆகவே உதைப்பவரின் ஓட்டம், ஊன்றிய காலின் திசை, இடுப்பின் திருப்பம் ஆகியவற்றைப் பார்த்து ஒரு பக்கத்தைத் தேர்ந்து பாய்கின்றார்கள்.

இதைப் பற்றி இஸ்ரேலிய ஆய்வாளர்கள் சிலர் 286 பெனால்டி உதைகளைத் தொகுத்து ஆராய்ந்து 2007இல் ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். அதன் முடிவு சிந்தனைக்கு உரியது. உதைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 29 கோலின் நடுப்பகுதியை நோக்கியே வந்திருந்தன. ஆனால் கோல்கீப்பர்கள் நடுவில் அசையாமல் நின்றதோ நூற்றுக்கு ஆறு தடவைகள் மட்டுமே. எஞ்சிய தடவைகளில் எல்லாம் இடமோ வலமோ பாய்ந்தார்கள். அசையாமல் நின்ற சில தடவைகளில் மூன்றில் ஒரு பங்கு உதைகள் தடுக்கப்பட்டன. பாய்ந்தபோது தடுக்கப்பட்டவை ஏழில் ஒரு பங்கை எட்டுவதே அரிதாக இருந்தது. அப்படியானால் ஏன் எல்லோரும் பாய்கின்றார்கள்?

ஆய்வாளர்கள் தந்த விளக்கம் இதுதான்: பாய்ந்தும் கோல் விழுந்தால், "பாவம், முயன்று பார்த்தார்" என்பார்கள். நின்ற இடத்திலேயே நின்று கோல் விழுந்தால், "மரம் போல நின்றுவிட்டாரே" என்பார்கள். தோல்வி இரண்டிலும் ஒன்றே. ஆயினும் செயலற்று நின்று தோற்பது மனத்துக்கு மிகுந்த வேதனையைத் தருகின்றது. எல்லாக் கோல்கீப்பர்களும் நடுவிலேயே நிற்கத் தொடங்கினால் உதைப்பவர்களும் ஓரத்துக்கு மாறிவிடுவார்கள் என்பது உண்மையே. எனினும், சரியானது எது என்பதைவிடப் பார்ப்பவர்களுக்கு எது சரியாகத் தோன்றும் என்பதே மனிதனை எவ்வளவு ஆட்டிப் படைக்கின்றது என்பதற்கு இது ஒரு நல்ல சான்று. ஊர் என்ன சொல்லும் என்பதற்காகவே கடன் வாங்கி விருந்து வைக்கும் நமக்கு இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமோ?

ஊர் சொல்லும் பழி ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை அறிய, பிரேசில் நாட்டின் மொவாசிர் பார்போசாவின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும். 1950ஆம் ஆண்டு உலகக் கோப்பை பிரேசிலில் நடைபெற்றது. ஜூலை 16ஆம் நாள் ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கில் உருகுவேயுடன் கடைசி ஆட்டம். சமநிலையில் முடிந்தாலே கோப்பை பிரேசிலுக்கு. அரங்கில் கூடியிருந்தவர்கள் ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேர். இடைவேளைக்குப் பின் பிரேசில் முதல் கோலை அடித்தது. 66ஆம் நிமிடத்தில் உருகுவேயின் கிஜ்ஜியா வலப்பக்கமாக ஓடிவந்து பந்தை நடுவே அனுப்ப, ஸ்கியாஃபினோ அதைக் கோலாக்கினார். 79ஆம் நிமிடத்தில் கிஜ்ஜியா அதே பக்கமாக மீண்டும் வந்தார். முன்போலவே பந்தை நடுவே அனுப்புவார் என்று எண்ணிய பார்போசா ஓரடி விலகினார். கிஜ்ஜியாவோ கம்பத்துக்கும் பார்போசாவுக்கும் இடையே இருந்த சந்து வழியாகப் பந்தை நேரே செலுத்திவிட்டார். உருகுவே 2–1 என்று வென்றது.

பார்போசா அந்நாளில் உலகின் தலைசிறந்த கோல்கீப்பர்களுள் ஒருவராக மதிக்கப்பட்டவர். முந்தைய ஆண்டுதான் தென் அமெரிக்கப் பட்டத்தைத் தம் நாட்டுக்குப் பெற்றுத் தந்த அணியில் இருந்தவர். அவையெல்லாம் ஒரே நொடியில் மறக்கப்பட்டன. அன்று பந்தைக் கோட்டை விட்டவர்கள் பலர். வலப்பக்கத்தைக் காக்கத் தவறியவர்கள் இருந்தனர். இரண்டாவது கோலைப் போட முடியாத முன்வரிசையினரும் இருந்தனர். எனினும் பழி முதன்மையாகப் பார்போசாவின் தலையிலும், பின்வரிசை வீரர்களான பிகோடே, ஜுவெனால் ஆகியோரின் தலையிலும் விழுந்தது. மூவருமே கருப்பினத்தவர் என்பதைக் கவனியுங்கள். பழி எப்போதும் பள்ளத்தை நோக்கியே பாய்கின்றது.

இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் ஒரு கடையில் ஒரு தாய் தன் சிறு மகனிடம் அவரைச் சுட்டிக்காட்டி, பிரேசில் முழுவதையும் அழ வைத்தவர் இவர்தான் என்று சொன்னதாக அவரே வேதனையுடன் கூறியிருக்கின்றார். தம் நாட்டின் அன்றைய சட்டத்தில் மிகக் கொடிய குற்றத்துக்கும் முப்பது ஆண்டுகளே தண்டனை. தாமோ ஐம்பது ஆண்டுகளாக அனுபவித்து வருவதாகவும் அவர் சொன்னதுண்டு. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில், தம் 79ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் செய்தது கொலையன்று, களவன்று, ஓரடி விலகி நின்றார், அவ்வளவே. அதுவும் பத்து நிமிடங்களுக்குச் சற்று முன்பு நடந்ததிலிருந்து பாடம் கற்று, நியாயமாகச் சிந்தித்தே விலகினார்.

இதற்கு மாறான வரலாறும் உண்டு. மாஸ்கோவில் 1929இல் பிறந்த லெவ் யாஷின், இரண்டாம் உலகப் போரின்போது சிறுவனாகவே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். டைனமோ மாஸ்கோ அணியில் சேர்ந்த 1950ஆம் ஆண்டில், எதிரணிக் கோல்கீப்பர் தம் எல்லையிலிருந்து உதைத்த பந்தே இவரைத் தாண்டிக் கோலாகிவிட்டது. பின்வரிசையில் அமர்த்தப்பட்ட யாஷின், இடைக்காலத்தில் பனிச்சறுக்கு ஹாக்கியிலும் கோல் காத்தார். பொறுமையுடன் காத்திருந்து மீண்டும் இடம் பெற்று, 1956 ஒலிம்பிக்கில் தங்கமும் 1960 ஐரோப்பியக் கோப்பையும் வென்ற அணிகளில் ஆடினார்.

1962இல் சிலி நாட்டில் நடந்த உலகக் கோப்பையில் மறுபடியும் சோதனை. கொலம்பியாவுக்கு எதிராக 4–1 என்று முன்னணியில் இருந்த சோவியத் அணி 4–4 என்று சமநிலைக்கு இறங்கியது. அவற்றுள் ஒன்று கார்னர் உதையிலிருந்து நேரே கோலுக்குள் விழுந்தது. காலிறுதியில் சிலியிடம் தோல்வி. நாடு திரும்பியவரை மக்கள் ஏளனக் கூச்சலிட்டு வரவேற்றார்கள். அவருடைய காலம் முடிந்தது என்று எழுதினார்கள். மறு ஆண்டே, 1963இல், ஐரோப்பாவின் தலைசிறந்த வீரருக்கான தங்கப்பந்து விருது அவருக்கு வழங்கப்பட்டது. இன்றுவரை அந்த விருதைப் பெற்ற ஒரே கோல்கீப்பர் அவரே. பார்போசாவுக்கும் யாஷினுக்கும் திறமையில் பெரிய வேறுபாடு இல்லை. ஒருவருக்கு எழுந்து நிற்க மறுவாய்ப்புக் கிடைத்தது; மற்றவருக்கு அது மறுக்கப்பட்டது. 1950க்குப் பின் தம் நாட்டுக்காகப் பார்போசா ஆடியது ஒரே ஓர் ஆட்டம்தான்.

வெற்றி தோல்வியைக் கொண்டு மட்டும் ஒரு மனிதனின் உழைப்பை அளக்கலாகாது என்பதற்கு இன்னொரு சான்று. 1970 ஜூன் 7ஆம் நாள் மெக்சிகோவின் குவாடலஹாரா நகரில் பிரேசிலும் இங்கிலாந்தும் மோதின. வலப்பக்கத்திலிருந்து வந்த பந்தைப் பெலே தலையால் கீழ்நோக்கி முட்டினார். கோல் என்றே அரங்கம் எழுந்து நின்றது. மறுகம்பத்தின் அருகே நின்ற கோர்டன் பேங்க்ஸ் பாய்ந்து வந்து, தரையில் பட்டு எழும்பிய பந்தைக் கையால் மேலே தள்ளி, குறுக்குக் கம்பத்துக்கு மேலாக அனுப்பிவிட்டார். கால்பந்து வரலாற்றின் மிகச் சிறந்த தடுப்பு என்று இன்றும் பலர் போற்றுவது இதைத்தான். ஆனால் அந்த ஆட்டத்தில் வென்றது பிரேசில், 1–0. உலகம் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பேசிக் கொண்டிருக்கும் அந்தச் செயலைச் செய்தவர் அன்று தோற்ற அணியைச் சேர்ந்தவர்!

நம் நாட்டுக்கும் இத்தகைய பெருமை இல்லாமலில்லை. ஹைதராபாத்தில் 1935இல் பிறந்த பீட்டர் தங்கராஜ், நீலகிரி வெலிங்டனிலுள்ள மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் சேர்ந்தவர். தொடக்கத்தில் கோல் அடிக்கும் முன்வரிசை வீரராக ஆடியவர், பின்னரே கோல்கீப்பரானார். அந்த மையத்தின் அணி 1955இலும் 1958இலும் டுராண்ட் கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஆகிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளுக்கும் சென்ற இந்திய அணிகளில் அவர் இடம்பெற்றார். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை 2–1 என்று வென்று இந்தியா தங்கம் பெற்ற இறுதி ஆட்டத்தில் கோலைக் காத்தவர் அவரே. 1967இல் அர்ஜுனா விருது பெற்றார். அந்த அணியைப் பயிற்றுவித்த சையத் அப்துல் ரஹீம் ஆசிரியப் பணியிலிருந்து வந்தவர் என்பதை, ஓர் ஆசிரியன் என்ற முறையில் பெருமையுடன் குறிப்பிடுகின்றேன். புற்றுநோய்க்கு ஆளாகியிருந்த அவர் மறு ஆண்டே மறைந்தார்.

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு வேண்டுமா? 2022இல் கத்தாரில் நடந்த உலகக் கோப்பையில் மொராக்கோ அரையிறுதி வரை சென்றது நினைவிருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்தோ அரபு நாடுகளிலிருந்தோ அதற்கு முன் எந்த அணியும் அந்த நிலையை எட்டியதில்லை. அதன் கோல்கீப்பர் யாசின் பூனூ, பெல்ஜியத்துக்கு எதிரான ஆட்டத்தில் நாட்டுப் பண் இசைக்கும்போது வரிசையில் நின்றும், உடல்நலக் குறைவால் கடைசி நேரத்தில் விலக நேர்ந்தது. மாற்று வீரர் முனீர் கோலைக் காத்தார், அணி வென்றது. சில நாட்களில் திரும்பி வந்த பூனூ, ஸ்பெயினுக்கு எதிரான பெனால்டி உதைகளில் இரண்டைத் தடுத்தார். மற்றொன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஸ்பெயினால் ஒரு கோலும் போட முடியவில்லை. அரையிறுதிக்கு முன்பு மொராக்கோ வாங்கிய ஒரே கோல், சொந்த வீரர் ஒருவரின் காலில் பட்டுத் தவறி உள்ளே சென்றது. அந்த வீரரை அணி ஒதுக்கிவிடவில்லை. அடுத்த ஆட்டத்திலும் களம் இறக்கியது. கூட்டு முயற்சி என்பதன் பொருள் இதுவல்லவா?

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை கோல்கீப்பராக நிற்க விரும்பினால் தடுக்காதீர்கள். ஆனால் சில செய்திகளைச் சொல்லிக் கொடுங்கள். பந்து உதைக்கப்படும் வேளையில் குதிகாலை ஊன்றி நிற்காமல் முன்பாதத்தில் நிற்க வேண்டும். மார்புக்கு மேலே வரும் பந்தைப் பிடிக்கும்போது இரு பெருவிரல்களும் அருகருகே இருக்க வேண்டும். இல்லையேல் பந்து கைகளுக்கிடையே நழுவிவிடும். தரையோடு வரும் பந்துக்குச் சிறுவிரல்கள் சேர்ந்திருக்க, உடல் பந்தின் பின்னால் சுவராக இருக்க வேண்டும். பிடிக்க இயலாத பந்தை நேர் எதிரே தட்டிவிடாமல் பக்கவாட்டில் தள்ள வேண்டும். விழும்போது முழங்கையையோ வயிற்றையோ ஊன்றி விழாமல், காலின் பக்கம், இடுப்பு, தோள் என்று ஒருக்களித்து விழப் பழக வேண்டும். இந்தப் பழக்கத்தைப் புல்தரையிலோ மணலிலோதான் தொடங்க வேண்டும். சிமெண்டுத் தரையில் பாய்வதை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள்.

இன்னொன்றை மிகவும் வலியுறுத்திச் சொல்கின்றேன். சில திடல்களில் தூக்கி நகர்த்தக் கூடிய இரும்புக் கோல் கம்பங்கள் தரையில் பதிக்கப்படாமல் நிற்கின்றன. சிறுவர்கள் குறுக்குக் கம்பத்தைப் பிடித்துத் தொங்கும்போது அது சாய்ந்து விழுந்து உயிரிழப்புகள் நேர்ந்த நிகழ்ச்சிகள் பல நாடுகளில் உண்டு. உங்கள் மஹல்லாத் திடலில் அத்தகைய கம்பங்கள் இருந்தால், மணல் மூட்டைகளை வைத்தோ முளை அடித்தோ அதை உறுதிப்படுத்த இந்த வாரமே ஏற்பாடு செய்யுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எஞ்சியவனைக் கோலில் நிறுத்தும் வழக்கத்தை மாற்றுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருவர் என்று எல்லாப் பிள்ளைகளும் முறை வைத்துக் கோலில் நிற்கட்டும். தன்னை நோக்கிப் பந்து பாய்ந்து வரும் அச்சத்தை ஒரு தடவை அனுபவித்தவன், பிறகு அந்த இடத்தில் நிற்பவனை எளிதில் ஏசமாட்டான். பிறர் நிலையில் நம்மை வைத்துப் பார்ப்பது நல்ல பண்பு என்று வகுப்பில் நூறு முறை சொல்வதைவிட, இந்தப் பத்து நிமிடம் அதிகமாகக் கற்பிக்கும். பந்து ஒருவனைத் தாண்டி உள்ளே செல்கின்றது என்றால், அதற்கு முன் அது பத்துப் பேரைத் தாண்டி வந்திருக்கின்றது என்பதையும் பிள்ளைகளுக்கு நினைவூட்டுங்கள்.

வாசகர்களே, நம் வீடுகளையும் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அங்கே கடைசியில் நிற்கும் காவலர் யார்? முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் ருசியாகச் சமைத்தவர், ஒரு நாள் கறியில் உப்புக் கூடிவிட்டால் எல்லோருடைய முகச்சுளிப்பையும் காண்கின்றார். நோயுற்ற பெரியவரை ஆண்டுக்கணக்கில் தூக்கிப் பராமரித்த மருமகள், ஒரு வேளை மருந்து கொடுக்க மறந்துவிட்டால் உறவினர் வட்டம் முழுவதிலும் பேசப்படுகின்றார். இரவெல்லாம் விழித்திருந்த காவலாளி கண்ணயர்ந்த ஐந்து நிமிடமே கணக்கில் ஏறுகின்றது. இவர்கள் தடுத்த பந்துகளை நாம் எண்ணுவதில்லை; தவறிய பந்தை மட்டும் மறப்பதில்லை. பார்போசாவுக்கு இரக்கம் காட்டத் தெரிந்த நமக்கு, அடுப்படியில் நிற்பவருக்கு இரக்கம் காட்டத் தெரியாமற் போகலாமா?

விளையாடிவிட்டு மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "ஜெயித்தீர்களா, தோற்றீர்களா?" என்பதுதான். கோலில் நின்ற பிள்ளையிடம், "எத்தனை கோல் விட்டாய்?" என்றும் கேட்டுவிடுகின்றோம். இனிமேல், "எத்தனை பந்தைத் தடுத்தாய்?" என்று கேட்டுப் பாருங்கள். நிமிர்ந்து பார்ப்பான். ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணிச் சொல்வான். அந்தக் கணக்கு முடியும் வரை அவனுடைய உம்மாவும் வாப்பாவும் அருகே அமர்ந்து பொறுமையாகக் கேட்டுக் கொண்டிருங்கள். அவன் தவறவிட்ட பந்தைப் பற்றி அவனே இறுதியில் சொல்லுவான். அதை நாளைக்கு எப்படிப் பிடிக்கலாம் என்பதையும் அவனே சொல்லுவான்.

அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.